பிரபஞ்சம் ஒரு கணக்கு யந்திரமா?

சென்ற மாதம் ஒரு கிராமத்துப் பொதுக்கூட்டத்தில் நாம் பேசி முடித்து உட்கார்ந்த பின்பு, ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடவுள் இல்லையென்று இவ்வளவு நேரம் பேசினீர்கள். ஆனால் மேல்நாட்டு விஞ்ஞானிகளே இந்தப் பிரபஞ்சம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்று கண்டுபிடித்து விட்டார்களாமே! கம்ப்யூட்டர் என்றால் அதற்குப் புரோகிராம் எழுதியவன் ஒருவன் இருந்துதானே ஆகவேண்டும்? அவனைத்தானே நாங்கள் கடவுள் என்கிறோம்?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு பகுதியார் கைதட்டினார்கள். நாமும் கைதட்டினோம். ஏனெனில், புராணத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடிய காலம் போய், விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லித்தான் கடவுளைக் காப்பாற்றியாக வேண்டும் என்கின்ற நிலைமைக்கு நமது ஆஸ்திக நண்பர்கள் வந்திருப்பதே ஒரு முன்னேற்றமல்லவா?

அன்று மணி பத்து நெருங்கிவிட்டபடியாலும், அதற்குமேல் ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லாதபடியாலும், சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு போன ஊர்களிலும் இதே கேள்வி வந்திருப்பதால் சற்று விரிவாக எழுதுவது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில், இந்தக் கொள்கையைச் சொன்னவர்கள் யார், அவர்கள் சொன்னதென்ன என்பதை யோக்கியமாக எடுத்துச் சொல்லிவிடுவோம். எதிர்க்கட்சி வாதத்தைக் குறைத்துச் சொல்லி ஜெயிப்பதில் ஒரு பெருமையுமில்லை. ஜெர்மனி தேசத்தில் கொன்ராட் சூசே என்று ஒரு எஞ்சினீயர் இருந்தார். தாய் தகப்பன் வீட்டு அறையிலேயே கணக்கு யந்திரம் கட்டப் புறப்பட்டவர். 1941-ல் அவர் முடித்த 'இசட்-3' என்னும் யந்திரம், புரோகிராமைக் கொடுத்தால் தானே நடக்கும் கம்ப்யூட்டர்களில் ஆதியானதென்று சொல்லப்படுகிறது. அவர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதி, 1969-ல் அதைப் புத்தகமாகவும் விரித்தார். ஆகாச வெளி என்பது சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கலாம் என்றும், ஒவ்வொரு அறையும் தன் அண்டை அறைகளின் நிலைமையைப் பார்த்துத் தன் நிலைமையை மாற்றிக்கொண்டே போகலாம் என்றும், நாம் காணும் சகலமும் அந்த மாறுதலின் விளைவாக இருக்கலாம் என்றும் அதில் சொன்னார். எல்லாம் 'லாம்'தான் என்பதைக் கவனிக்கவேண்டும். பின்னர் அமெரிக்காவில் ஜான் வீலர் என்னும் பௌதிக சாஸ்திரி 1989-ல், பொருள் யாவும் கடைசியில் ஆம்-இல்லை என்னும் விடைகளிலிருந்தே உண்டாகின்றன என்று பேசினார். ஸ்டீபன் உல்ஃப்ராம் 2002-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு தலையணைப் புத்தகமே போட்டார். அதே வருஷத்தில் சேத் லாயிட் என்பவர், பிரபஞ்சத்தைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொண்டால் அது பிறந்த நாள்முதல் இதுவரை அதிகபட்சம் எத்தனை சில்லறைக் கணக்குப் போட்டிருக்கும் என்று கணக்கிட்டு, ஒன்று போட்டு 120 சைபர் என்று விடையும் சொன்னார்.

இவர்களில் ஒருவரும் மூடரல்லர். இவர்கள் பக்கத்தில் வலுவான சங்கதியும் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் பதிந்துள்ள ஒரு சிறு தகவலை அழித்தால் அதற்கென்று குறைந்தபட்சம் ஒரு அளவு உஷ்ணம் வெளியே வந்தே தீரும் என்று ரோல்ஃப் லாண்டவர் 1961-ல் சொன்னார். 2012-ல் பிரான்சு தேசத்தில் அதைச் சோதனை செய்து பார்த்து ருஜுப்பித்தார்கள். ஆகவே தகவல் என்பது ஆவி மாதிரி அந்தரத்தில் நிற்பதல்ல, பொருளோடு ஒட்டியது என்பது உண்மை. இதை நாம் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளுகிறோம். ஆவியென்று தனியே ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நமக்கு என்ன வேண்டும்?

நிற்க, உபாத்தியாயரின் கேள்வியில் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒரே முடிச்சாகப் போடப்பட்டிருக்கின்றன. பிரபஞ்சத்தைக் கணக்கிட்டுச் சொல்லலாம் என்பது ஒன்று. பிரபஞ்சமே கணக்கிடுகின்றது என்பது மற்றொன்று. அந்தக் கணக்கை எழுதி வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது இன்னொன்று. முதலாவதைக் காட்டி மூன்றாவதை விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

முதலாவதில் சண்டையே இல்லை. எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கிலேயர், 1682-ல் தோன்றிய வால்நட்சத்திரம் 1758-ம் வருஷ வாக்கில் திரும்பவும் வரும் என்று சொல்லிவிட்டுச் செத்துப் போனார். பிரான்சில் கிளேரோ, லாலாண்டு என்னும் இருவரும், நிக்கோல்-ரேன் லெபோட் என்னும் ஒரு அம்மையாரும் மாதக்கணக்காக உட்கார்ந்து, வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுத்துத் தாமதப்படுத்தும் என்று கையாலேயே பெருக்கி வகுத்து, 1759 ஏப்ரல் மத்தியில் அது சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின்னாகலாம் என்று அறிவித்தார்கள். அது மார்ச் 13-ந் தேதி நெருங்கிவிட்டது. ஆனால் தோழர்களே, கணக்குப் போட்டது யார்? அந்த மூவர். வால்நட்சத்திரம் எந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைப் படித்தது? அது தன் பாட்டுக்கு வந்தது. நாமும் சிறு பிராயத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதினவர்தான். மூட்டையின் எடையை நாம் நோட்டில் எழுதினோமேயொழிய, மூட்டை தன் எடையைத் தானே கூட்டிப் பார்த்துக்கொண்டு தராசில் போய் உட்காரவில்லை. இன்னொரு வேடிக்கையும் சொல்லுகிறோம். 'கம்ப்யூட்டர்' என்ற இங்கிலீஷ் வார்த்தை வெகுகாலம் வரையில் யந்திரத்தின் பெயராகவே இருக்கவில்லை. நட்சத்திர ஆராய்ச்சி நிலையங்களில் கூலிக்குக் கணக்குப் போட்ட மனிதர்களுக்கு, அதிலும் பிற்காலத்தில் பெரும்பாலும் பெண்களுக்கு, அதுதான் உத்தியோகப் பெயர். மனிதனின் பெயர் யந்திரத்துக்குப் போய், யந்திரத்தின் பெயர் இப்போது ஆகாசத்துக்குப் போகிறது!

இப்படிப் பெயர் போவதும் புதிதல்ல. எந்தக் காலத்தில் எந்த யந்திரம் மனிதனுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்ததோ, அந்தக் காலத்தில் பிரபஞ்சமும் அந்த யந்திரமாகவே இருந்து வந்திருக்கிறது. ஐரோப்பாவில் கோபுரக் கடிகாரங்கள் பெருமையாக நின்ற காலத்தில் கெப்ளர் 1605-ல், வானமண்டலம் கடிகாரம் போன்றது என்று கடிதம் எழுதினார். அதே கடிகாரத்தை எடுத்துக்கொண்டு 1802-ல் பேலி என்னும் பாதிரியார், வழியில் ஒரு கடிகாரம் கிடந்தால் செய்தவன் ஒருவன் இருப்பான் அல்லவா, ஆகையால் உலகத்தைச் செய்தவனும் உண்டு என்று புத்தகம் போட்டார். அப்புறம் நீராவி யந்திரம் வந்ததும், பிரபஞ்சம் உஷ்ணம் தீர்ந்து நின்றுபோகும் ஒரு பெரிய கொதிகலனாயிற்று. இப்போது கம்ப்யூட்டர். யந்திரம் மாறுகிறது, செய்தவன் மட்டும் மாறாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் 'புரோகிராம் எழுதிய கடவுள்' என்பதுகூட இந்தக் காலத்துச் சரக்கல்ல என்பதை நமது நண்பர்கள் அறிய மாட்டார்கள். சார்லஸ் பாபேஜ் என்றொருவர் லண்டனில் இருந்தார். பல்சக்கரங்களால் கணக்கு யந்திரம் கட்டியவர். இன்றைய கம்ப்யூட்டருக்குப் பாட்டனார் என்று அவரைச் சொல்லுவது வழக்கம். அந்த யந்திரத்தில் ஒரு பகுதி 1832-ல் தயாராயிற்று. தன் வீட்டு விருந்துக்கு வரும் கனவான்களையும் சீமாட்டிகளையும் அதன் முன் உட்கார வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார். எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துப் போன சமயத்தில் திடீரென்று ஒழுங்கு தவறி வேறு எண் குதித்து வரும். எல்லோரும் திடுக்கிடுவார்கள். அதற்கப்புறம் பாபேஜ் தன் உபதேசத்தைத் தொடங்குவார். யந்திரம் கெட்டுப் போகவில்லை, இந்த இடத்தில் இப்படிக் குதிக்கவேண்டும் என்று நான் முன்னாடியே அமைத்து வைத்தேன், அதுபோலவே அற்புதங்கள் என்பவையும் இயற்கை ஒழுங்கை மீறியவை அல்ல, கடவுள் ஆதியிலேயே அமைத்து வைத்தவை என்பார். இதை 1837-ல் ஒரு புத்தகமாகவும் எழுதி, 1, 2, 3 என்று 10 கோடியே 1 வரையில் வரிசை தவறாமல் வரும் யந்திரம், அடுத்தபடியாக 10 கோடியே 2 என்று காட்டாமல் 10 கோடியே 10 ஆயிரத்து 2 என்று காட்டும்படி செய்ய முடியும் என்று உதாரணமும் கொடுத்தார்.

பாபேஜின் கெட்டிக்காரத்தனத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த வாதத்தின் யோக்கியதையைப் பாருங்கள். எண் குதித்தது எல்லோர் கண்ணுக்கும் முன்னால். அற்புதம் நடந்தது எவர் கண்ணுக்கு முன்னால்? முதலில் செத்தவன் எழுந்தான் என்பதையும், கடல் பிளந்தது என்பதையும் ருஜுப்பித்துவிட்டு, அப்புறமல்லவோ அது எப்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டது என்று ஆராயவேண்டும்? பிள்ளை பிறக்கவேயில்லை, அதற்குள் காது குத்துக்குத் தாய்மாமனைத் தேடுகிறார்கள். அதுமாத்திரமா? பாபேஜின் சக்கரம் கிறிஸ்துவின் அற்புதத்துக்கு எவ்வளவு சாட்சியோ, நமது ஊர் ஸ்தலபுராணத்தில் யானையும் சிலந்தியும் மோட்சம் போனதற்கும் அவ்வளவே சாட்சி. எல்லா மதத்துக்கும் சரிசமமாகப் பொருந்தும் சாட்சி எந்த மதத்துக்கும் சாட்சியாகாது.

இனி இரண்டாவது சங்கதிக்கு வருவோம். பிரபஞ்சமே கணக்கிடுகின்றது என்றால் என்ன அர்த்தம்? மலைமேலிருந்து ஒரு கல் உருளுகின்றது. அது எங்கே விழவேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டே உருளுகின்றது என்று ஒருவர் சொன்னால், சும்மா கிடக்கும் கல்லும் 'நான் அசையக்கூடாது' என்று கணக்கிட்டுக்கொண்டு கிடப்பதாகச் சொல்லலாம். தண்ணீர் கொதித்தால் கணக்கு, ஆறினால் கணக்கு, சோறு குழைந்தாலும் கணக்கு. இப்படிச் சகலமும் கணக்கு என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. ஊரில் எல்லோருக்கும் ராஜா என்று பெயர் வைத்துவிட்டால் ராஜா யார்?

ஆகவே இந்தக் கொள்கைக்கு மரியாதை வேண்டுமானால், இது உண்மையானால் இன்னது நடக்கும், பொய்யானால் நடக்காது என்று சோதனைக்கு நிற்கவேண்டும். விஞ்ஞானிகள் அதைச் செய்யாமலில்லை. உதாரணமாக, வெளி என்பது நெருக்கமான சிறு மணிகளாலோ அறைகளாலோ ஆனதென்றால், சில கொள்கைகளின்படி, சக்தி மிகுந்த ஒளிக்கும் சக்தி குறைந்த ஒளிக்கும் வேகத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் ஏற்படவேண்டும். சல்லி ரோட்டில் மாட்டுவண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும் ஒரே மாதிரி ஓடாதல்லவா? இதைப் பார்க்க மிக நீண்ட ரோடு வேண்டும். 2009 மே மாதம் 10-ந் தேதி, சுமார் 730 கோடி வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு வெடிப்பின் ஒளி வந்து சேர்ந்ததை 'ஃபெர்மி' என்னும் ஆகாசத் தொலைநோக்கி பதிவு செய்தது. மிகுந்த சக்தியுள்ள ஒளித்துகள் ஒன்றும் சாதாரணத் துகள்களும் 730 கோடி வருஷம் ஓடிவந்து, ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அந்த மாதிரியான சல்லி ரோடு அங்கே தென்படவில்லை. இதனால் வெளியில் மணியே இல்லை என்று முடிந்துபோகவில்லை. சில கொள்கைகள் அடிபட்டன, சில தப்பின.

அடுத்தது இன்னும் கடினமானது. 1981-ல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அணுவுக்குள் நடக்கும் நடத்தையைச் சாதாரணக் கம்ப்யூட்டரால் ஒழுங்காகப் பின்பற்றவே முடியாது என்றும், அதற்கு அணுவின் நடத்தையையே ஆதாரமாகக் கொண்ட வேறு யந்திரம் வேண்டும் என்றும் சொன்னார். வெகுதூரத்தில் பிரிந்து நிற்கும் இரண்டு துகள்களை ஒரே சமயத்தில் அளந்தால், விடைகள் அண்டை அறையை மட்டும் பார்த்து நடக்கும் எளிய கட்டத்துக்குப் பொருந்துவதில்லை என்பது 2015-ல் மூன்று இடங்களில் சந்து பொந்தில்லாமல் சோதிக்கப்பட்டது. இவ்வழியில் முன்னோடிகளான மூவருக்கு 2022-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே சூசேயின் கட்டம் அப்படியே நிற்காது. நிறுத்தவேண்டுமானால் விபரீதமான வேறு அனுமானங்களைத் துணைக்கு அழைக்கவேண்டும். லாயிட் இதை அறிந்தேதான், சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல, பிரபஞ்சம் ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர் என்கிறார். நல்லது. ஆனால் குவாண்டம் கம்ப்யூட்டர் என்பதே இயற்கையின் நடத்தையைப் பார்த்து மனிதன் கட்டுகின்ற யந்திரமாயிற்றே! பிள்ளையைப் பார்த்துவிட்டு, தகப்பனுக்குப் பிள்ளையின் ஜாடை அப்படியே இருக்கிறது என்று வியப்பது போலல்லவா இருக்கிறது இது?

எப்படியோ, இது ஆராய்ச்சியிலிருக்கும் சங்கதி. நாளைக்கே தக்க ருஜு வந்து, ஆம், பிரபஞ்சம் கணக்கிடுகின்றதுதான் என்று ஏற்பட்டாலும் நமக்கு யாதொரு நஷ்டமுமில்லை. ஏன் என்பதை ஒரு விளையாட்டினால் காட்டுகிறோம். வாசகர்கள் தரையில் கோடு போட்டு வீட்டிலேயே விளையாடிப் பார்க்கலாம்.

ஜான் கான்வே என்னும் கணித ஆசிரியர் உண்டாக்கியது இது. 1970-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் மூலம் உலகமெங்கும் பரவிற்று. சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சில கட்டங்களில் புளியங்கொட்டை வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூலை உட்பட எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு. கொட்டையுள்ள கட்டத்துக்கு அண்டையில் இரண்டோ மூன்றோ கொட்டைகள் இருந்தால் அது அடுத்த சுற்றிலும் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். காலியான கட்டத்துக்கு அண்டையில் சரியாக மூன்று கொட்டைகள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று வைக்கவேண்டும். எல்லாக் கட்டத்தையும் ஒரே சமயத்தில் மாற்றவேண்டும். இவ்வளவுதான் விதி. இப்போது முதல் வரிசையில் நடுக்கட்டத்தில் ஒன்று, இரண்டாம் வரிசையில் வலதுகட்டத்தில் ஒன்று, மூன்றாம் வரிசையில் மூன்று கட்டத்திலும் மூன்று என்று ஐந்து கொட்டைகளை வைத்து நாலு சுற்று நடத்திப் பாருங்கள். அதே ஐந்து கொட்டை உருவம் கோணவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து நிற்கும். இன்னும் நாலு சுற்றில் இன்னும் ஒரு கட்டம். ஏதோ பூச்சி ஊர்ந்து போவது போலிருக்கும். 'நகரு' என்று விதியில் எங்கேனும் எழுதியிருக்கிறதா? இல்லை. உருவமும் நடையும் ஒருவர் நினைக்காமலே வந்துவிட்டன. இவ்வளவு சிக்கலான உலகம் புத்தியுள்ள ஒருவன் திட்டமிடாமல் வருமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஐந்து புளியங்கொட்டைகள் போதும்.

"விதியை வைத்தவன் கான்வே அல்லவா?" என்பார்கள். இங்கேதான் நமது பாஷை நம்மை ஏமாற்றுகிறது. விளையாட்டு விதியும் விதி, கணக்கு விதியும் விதி, தலைவிதியும் விதி. ஒரே வார்த்தை! கான்வேயின் விதி ஒரு மனிதன் ஏற்படுத்திய ஏற்பாடு, வேண்டாமென்றால் மாற்றலாம். இயற்கையின் விதி என்பது எவனும் போட்ட உத்தரவல்ல, பொருள்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து நாம் எழுதிக்கொண்ட குறிப்பு. தலைவிதி என்பதோ பார்க்காமலே எழுதின பொய். மூன்றையும் ஒரே சாக்கில் கட்டி, 'விதிதான் புரோகிராம், புரோகிராம்தான் தலையெழுத்து' என்று இப்போது பிரசங்கம் நடக்கின்றது. பிரம்மனின் எழுத்தாணிக்குப் பதிலாக விசைப்பலகையும், சித்திரகுப்தனின் ஏட்டுக்குப் பதிலாக மின்சாரப் பெட்டியும் வந்திருக்கின்றன. ஏழையின் தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவது மட்டும் அதேதான்.

இது வெறும் தத்துவச் சண்டையாயிருந்தால் இத்தனை காகிதத்தை வீணாக்கியிருக்க மாட்டோம். நமக்குத் தெரிந்த ஒரு தோழரின் பெண்ணுக்கு மூன்று வரன்கள் தட்டிப்போயின. காரணம், கம்ப்யூட்டர் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று அச்சாகி வந்துவிட்டது. "ஜோசியன் பொய் சொல்லுவான், யந்திரம் பொய் சொல்லுமா?" என்று பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். யந்திரம் செவ்வாய் எங்கே நின்றதென்பதைச் சரியாகச் சொல்லும். அதனால் புருஷன் சாவான் என்ற வரியை அதற்குள் எழுதி வைத்தவன் மனிதன். 2014-ல் மங்கள்யானைச் செவ்வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுற்ற வைத்ததும் கம்ப்யூட்டர்தான். அதில் தோஷம் எங்கே இருந்ததென்று ஒரு தகவலும் வரவில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் ஒரு புரோகிராம்தான் என்று முழுமனதாக ஒப்புக்கொண்டாலும் ஜோசியருக்குப் பிழைப்பில்லை. ஆலன் டூரிங் 1936-ல் நிரூபித்தது என்னவென்றால், எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான முறை எதுவும் இருக்க முடியாது என்பதுதான். கான்வேயின் புளியங்கொட்டைக்கும் அப்படியே. எல்லா விதியும் தெரியும், எல்லாக் கொட்டையும் கண்முன் இருக்கின்றது. ஆயினும் இந்தக் கூட்டம் என்றைக்காவது அழியுமா என்று எந்தக் கூட்டத்துக்கும் சொல்லக்கூடிய பொது வழி கிடையாது. பல சமயங்களில் ஒவ்வொரு சுற்றாக நடத்திப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழியில்லை என்று உல்ஃப்ராமும் சொல்லுகிறார். அங்கேயே இந்தக் கதியென்றால், பன்னிரண்டு கட்டம் போட்டு ஒரு பெண்ணின் ஐம்பது வருஷ வாழ்வைச் சொல்லுகிறேன் என்பவரை என்னவென்று சொல்லுவது?

கடைசியாக, நாம் எல்லோருமே வேறொருவருடைய கம்ப்யூட்டரில் ஓடும் பொம்மைகள் என்ற கதை. நிக் பாஸ்ட்ராம் என்னும் தத்துவ ஆசிரியர் 2003-ல் எழுதிய கட்டுரையைக் காட்டி இதைச் சொல்லுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. மூன்றில் ஒன்று உண்மையாயிருக்கவேண்டும் என்றார்: நம்மைப் போன்ற ஜாதிகள் அவ்வளவு பெரிய யந்திரம் கட்டும் நிலைமைக்கு வருமுன் பெரும்பாலும் அழிந்துபோகும், அல்லது கட்ட முடிந்தாலும் முன்னோரை அப்படி ஆட்டிவைத்துப் பார்க்க விரும்பாது, அல்லது நாம் அப்படிப்பட்ட ஒன்றில் இருக்கிறோம். அதுவும், மனம் என்பது கம்ப்யூட்டரில் ஓடக்கூடியதுதான் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு. அப்படியே மூன்றாவதுதான் என்று வைத்துக்கொள்ளுவோம். அந்த யந்திரத்தை ஓட்டுகிறவன் யார்? அவனும் பிறந்து, படித்து, பசித்தால் சாப்பிடுகிற ஒரு ஆசாமி. அவன் வயிற்றுவலிக்கு அவனே மருந்து தேடவேண்டியவன். அவனுக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லி அந்தக் கட்டுரையில் எங்கே இருக்கின்றது? அவனை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால் உபாத்தியாயர் என்ன பதில் சொல்லுவார்? அவன் தானாகவே இருக்கிறான் என்றால், தானாகவே இருக்கும் உரிமை பிரபஞ்சத்துக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகின்றது?

உபாத்தியாயரிடம் அன்று இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யோசிக்கவேண்டிய சங்கதிதான்" என்று சொல்லி, மறுநாள் காலையில் பஸ் நிலையம் வரையில் கூடவே வந்தார். அங்கே ஒரு சிறு கடையில் 'கம்ப்யூட்டர் ஜாதகம் ஐந்து நிமிஷத்தில்' என்று பலகை தொங்கிற்று. மின்சாரம் நின்றுபோயிருந்தது. கடைப் பையனிடம் உபாத்தியாயரே, "தம்பி, கரண்டு இல்லையே, இப்போது ஜாதகம் எப்படிக் கிடைக்கும்?" என்று விசாரித்தார். "அதனாலென்ன ஐயா? எல்லாருக்கும் வழக்கமாக வருவதுதான். உட்காருங்கள், பேனாவால் எழுதித் தருகிறேன்" என்றான் பையன்.